கிடாரைப் பிடிப்பது எப்படி: உட்காரும் விதமும் கை வைக்கும் இடமும்

கிடார் கற்கத் தொடங்கிய சில வாரங்களில் அநேகமாக எல்லோரும் சொல்லும் புகார் ஒன்று உண்டு: சி கார்ட் (சில ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்கவைக்கும் ஒரு பிடி) பிடித்தால் முதல் தந்தி பேச மாட்டேன் என்கிறது. எவ்வளவு அழுத்தினாலும் ‘டொக்’ என்று செத்த சத்தம்தான். என் விரல் தடிமன், என் விரல் குட்டை என்று காரணம் தேடத் தொடங்குவார்கள். விரலின் அளவுக்கும் இதற்கும் பெரும்பாலும் சம்பந்தமே இல்லை.

இரண்டாம் தந்தியில் இருக்கும் ஆள்காட்டி விரல் படுத்துவிடுகிறது, அதன் சதை முதல் தந்தியைத் தொடுகிறது. விரல் ஏன் படுத்தது? உள்ளங்கை, கிடாரின் கழுத்தான நெக்கின் அடியில் ஒட்டிக்கொண்டிருப்பதால் விரல் வளைந்து நிற்க இடமில்லை. உள்ளங்கை ஏன் ஒட்டியது? இடது கை நெக்கைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. எதற்குத் தாங்க வேண்டும்? விட்டால் நெக் கீழே சரிகிறது. ஏன் சரிகிறது? கிடார் மடியில் சரியாக உட்காரவில்லை. விரல் நுனியில் தெரிந்த கோளாறு நாற்காலியில் போய் முடிகிறது. அதனால் நாமும் நாற்காலியிலிருந்தே தொடங்குவோம்.

இங்கே சொல்வதெல்லாம் வலது கையால் மீட்டுபவர்களுக்கு. இடது கையால் மீட்டுபவர்கள் இடது கை கிடாரை எடுத்துக்கொண்டு, வலதை இடதாக மாற்றிப் படித்தால் போதும். தந்திகளை எண்ணும்போது மிக மெல்லியது 1, மிகத் தடித்தது 6.

உட்காருவது

கைப்பிடி இல்லாத, குஷன் அமுங்காத நாற்காலி வேண்டும். இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் படிந்து, தொடை தரைக்குக் கிடைமட்டமாக இருக்கும் உயரம் சரி. இருக்கையின் முன்பாதியில் உட்காருங்கள், சாய்ந்துகொள்ள வேண்டாம். கட்டிலும் சோபாவும் முதல் சில மாதங்களுக்கு ஆகாது. இடுப்பு உள்ளே அமிழ்ந்தால் முதுகு கூனும், கிடார் வயிற்றின் மேல் மல்லாந்துவிடும்.

தோள்களைக் காது வரை உயர்த்தி, ‘தொப்’பென்று கீழே விடுங்கள். அவை விழுந்த இடம்தான் அவற்றின் இடம். கஷ்டமான கார்ட் வரும்போதெல்லாம் இடது தோள் தானாக மேலே ஏறும், கூடவே பல்லையும் கடித்துக்கொள்வோம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தோளையும் தாடையையும் கவனித்துத் தளர்த்துங்கள்.

கிடாரை மடியில் வைக்க இரண்டு வழிகள் உண்டு. ஸ்டீல் தந்தி கிடாரும் எலெக்ட்ரிக் கிடாரும் வாசிப்பவர்கள் பெரும்பாலும் அதன் இடுப்பு வளைவை வலது தொடையில் வைக்கிறார்கள். பின்பலகை வயிற்றையும் மார்பின் கீழ்ப்பகுதியையும் லேசாகத் தொடும். இந்த முறையில் நெக் தரைக்குக் கிடைமட்டமாகவோ கீழ்நோக்கியோ இறங்கிவிடுவதுதான் வழக்கமான தவறு. நெக் கொஞ்சம் மேல்நோக்கி ஏறி, சுருதி சேர்க்கும் சாவிகள் உள்ள தலைப்பகுதி கிட்டத்தட்ட உங்கள் தோள் உயரத்தில் இருக்க வேண்டும்.

இன்னொன்று, நைலான் தந்தி கிடாருக்கு வழக்கமான கிளாசிகல் முறை. இடது பாதத்துக்கு அடியில் 10 முதல் 15 செ.மீ. உயரமுள்ள மணை, இடுப்பு வளைவு இடது தொடையில், கிடாரின் அகன்ற கீழ்ப்பகுதி வலது தொடையின் உட்புறத்தில் சாய்ந்திருக்கும். மார்பும் வலது முன்கையும் சேர்ந்தால் மொத்தம் நான்கு இடங்களில் பிடிமானம். நெக் 30 முதல் 45 டிகிரி வரை ஏறி, தலைப்பகுதி கண் உயரத்தை நெருங்கும். கிடாரைப் பிடிக்கும் பிரச்சினை பெரிய கலைஞர்களையும் விட்டுவைக்கவில்லை. ஸ்பெயினின் தியோனிசியோ அகுவாதோ 19ஆம் நூற்றாண்டில் கிடாரை மாட்டி வைப்பதற்கென்றே ஒரு மூன்றுகால் தாங்கியை வடிவமைத்தார். கைகள் சுமக்காமல் வாசிக்க மட்டும் செய்ய வேண்டும் என்பதும், உடம்பு பட்டு ஓசை அமுங்கக் கூடாது என்பதும் அவர் கணக்கு.

எந்தப் பாணி இசைக்காகக் கற்றாலும் முதல் ஒரு மாதம் இடது தொடையில் வைத்துப் பழகுவதே நல்லது என்பது எங்கள் கட்சி. பார்க்க விறைப்பாகத் தெரியும். ஆனால் நெக் உயர்ந்து கிட்டே வருவதால் இடது மணிக்கட்டு மடங்காது, விரல்கள் சரியான வடிவத்தை முதலிலேயே கற்றுக்கொள்ளும். பிறகு வலது தொடைக்கு மாறினாலும் கை அந்த வடிவத்தை மறக்காது. ஒரு காலைத் தூக்கி நீண்ட நேரம் உட்கார்ந்தால் சிலருக்கு இடுப்பு வலிக்கும். அவர்கள் மணைக்குப் பதிலாக, கிடாரின் பக்கவாட்டில் ஒட்டித் தொடையில் நிற்கும் தாங்கியை வாங்கிக்கொள்ளலாம், இரண்டு பாதமும் தரையிலேயே இருக்கும்.

எப்படி உட்கார்ந்தாலும் இந்தச் சோதனையில் தேற வேண்டும்: வலது முன்கை கிடாரின் மேல் இருக்கட்டும், இடது கையை எடுத்து முழங்காலில் வையுங்கள். பத்து எண்ணும்வரை நெக் அசையாமல் நின்றால் பாஸ். தலைப்பகுதி இறங்கினால் நெக்கை இன்னும் கொஞ்சம் ஏற்றி, முன்கையின் பாரம் கிடாரை உடம்போடு அணைக்கும்படி வைத்துப் பாருங்கள். அப்போதும் சரிந்தால் உட்கார்ந்தபடியே ஸ்ட்ராப்பை (தோளில் மாட்டும் பட்டை) மாட்டிக்கொள்ளுங்கள். பலர் இதைச் செய்யக் கூச்சப்படுகிறார்கள், இதில் கூச்சப்பட ஒன்றுமே இல்லை.

அடுத்தது சாய்வு. விரல்களைப் பார்க்கும் ஆசையில் கிடாரைத் தாம்பாளம் மாதிரி மல்லாக்க வைத்துக்கொள்வது எல்லோரும் செய்வது. முகப்பு கூரையைப் பார்க்கப் பார்க்க, விரல்கள் தந்தியை எட்ட மணிக்கட்டு அதிகமாக மடங்க வேண்டியிருக்கும். முகப்பு செங்குத்தாகவே நிற்கட்டும். இடம் தெரிய, நெக்கின் மேல்விளிம்பில் உங்களை நோக்கி இருக்கும் சிறு புள்ளிகளைப் பாருங்கள். பெரும்பாலான கிடார்களில் அவை 3, 5, 7, 9, 12ஆம் ஃப்ரெட்டுகளில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளுக்கு இடையிலான கட்டங்கள்) இருக்கும், 12இல் மட்டும் இரட்டைப் புள்ளி. புள்ளியே இல்லாத கிளாசிகல் கிடாரில் 5, 7ஆம் இடங்களில் நீங்களே சிறு ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளலாம். நெக் தோள்களுக்கு நேர் இணையாக இருக்கவும் தேவையில்லை. தலைப்பகுதி உடம்பை விட்டுக் கொஞ்சம் முன்னே தள்ளி இருந்தால் இடது முழங்கை பின்னால் போய் இடிக்காது.

இடது கை

கையைக் கீழே தொங்கவிட்டு உதறுங்கள். தளர்ந்த கை தானாகவே ஒரு தம்ளரைப் பிடிப்பதுபோல் வளைந்திருக்கும். அந்த வளைவைக் கலைக்காமல் நெக்குக்குக் கொண்டுவாருங்கள்.

கட்டைவிரலின் சதைப்பகுதி நெக்கின் பின்புறம், ஏறக்குறைய நடுவில் படிய வேண்டும். நேர் எதிரே நடுவிரலோ, ஆள்காட்டிக்கும் நடுவிரலுக்கும் இடைப்பட்ட இடமோ வரும். கட்டைவிரல் கூரையை நோக்கி நிற்கலாம், கொஞ்சம் சாய்ந்தும் இருக்கலாம். ஆனால் தலைப்பகுதியின் பக்கம் நீட்டிப் படுத்துவிட்டால் சுண்டுவிரலுக்கு எட்டாது. உள்ளங்கைக்கும் நெக்கின் அடிவிளிம்புக்கும் நடுவில் ஒரு பென்சில் தாராளமாகப் போய்வர வேண்டும். புறங்கையும் முன்கையும் கூடியவரை ஒரே நேர்கோட்டில் இருக்கட்டும், லேசான வளைவு பரவாயில்லை. மணிக்கட்டு செங்கோணமாக மடங்கினால் தவறு கையில் இல்லை, நெக் தாழ்ந்திருக்கிறது.

தந்தியில் விரலின் நுனி விழ வேண்டும், கடைசி மூட்டு உள்ளே குழியக் கூடாது. இதற்கு நகம் தடை. மேசையில் விரலைச் செங்குத்தாக ஊன்றிப் பாருங்கள், சதைக்கு முன்னால் நகம் மேசையைத் தொட்டால் வெட்ட வேண்டிய நேரம்.

எங்கே அழுத்துவது? ஐந்தாம் ஃப்ரெட் என்றால் 4ஆம் 5ஆம் உலோகக் கம்பிகளுக்கு இடையில் உள்ள கட்டம். அந்தக் கட்டத்தின் நடுவில் வைக்கக் கூடாது, 5ஆம் கம்பியை ஒட்டி, அதற்குச் சற்று முன்பாக வையுங்கள். தூரம் கூடக் கூட, தந்தி கம்பியின் மேல் உறுதியாகப் படிய அதிக பலம் தேவைப்படும். பலம் போதாவிட்டால் கம்பியில் உரசி ‘ஸ்ர்ர்’ என்று இரையும். கம்பியின் மேலேயே விரல் ஏறிவிட்டால் சதை அதிர்வை அமுக்கி ஓசை மழுங்கும்.

எவ்வளவு அழுத்துவது என்பதைச் சொல்லித் தர முடியாது, காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும். மூன்றாம் தந்தி, ஐந்தாம் ஃப்ரெட்டில் விரலைச் சும்மா வைத்து மற்ற கையால் மீட்டிக்கொண்டே இருங்கள். முதலில் ‘தப் தப்’ என்று கேட்கும். அழுத்தத்தைத் துளித்துளியாகக் கூட்டினால் இரைச்சல் வரும், பிறகு திடீரென்று ஸ்வரம் தெளியும். அங்கே நிறுத்துங்கள், அதுவே போதும். நாம் வழக்கமாக அதைவிட எவ்வளவோ அதிகமாகக் கசக்குகிறோம் என்பது அப்போது புரியும். அளவுக்கு மீறி அழுத்தினால் கை வலிப்பது ஒரு பக்கம், தந்தி இழுபட்டுச் சுருதியும் ஏறிவிடும்.

இன்னொரு சோதனை: அதே ஸ்வரத்தைப் பிடித்தபடி கட்டைவிரலை நெக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். வலது முன்கை கிடாரை அணைத்திருக்க, இடது முழங்கையின் பாரம் பின்னோக்கி லேசாக இழுத்தால் ஸ்வரம் அப்படியே ஒலிக்கும். தந்தியை அழுத்துவது இடுக்கிப் பிடி அல்ல, கையின் பாரம் என்று இதில் தெரிந்துவிடும். கட்டைவிரல் வெறும் துணைக்கு.

விரல்களைப் பழக்க, முதல் ஃப்ரெட்டில் தொடங்காமல் ஐந்தாவதில் தொடங்குங்கள். காரணம் அளவுதான். 650 மி.மீ. தந்தி நீளமுள்ள கிடாரில் முதல் கட்டத்தின் அகலம் சுமார் 36 மி.மீ., ஐந்தாவது சுமார் 29 மி.மீ. முதல் நான்கு கட்டங்களைச் சேர்த்தால் 134 மி.மீ., 5 முதல் 8 வரை 106 மி.மீ. புதுக் கைக்கு அந்த 28 மி.மீ. பெரிய வித்தியாசம். மூன்றாம் தந்தியில் ஆள்காட்டி 5, நடுவிரல் 6, மோதிரவிரல் 7, சுண்டுவிரல் 8. அடுத்த விரல் வைக்கும்போது முந்தைய விரலை எடுக்க வேண்டாம், நான்கும் கடைசியில் தந்தியின் மேல் நிற்க வேண்டும். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து ஒரு தட்டுக்கு ஒரு ஸ்வரம். வேலை இல்லாத விரல் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொள்ளும், முக்கியமாகச் சுண்டுவிரல். அதைத் தந்திக்கு மேல் 1, 2 செ.மீ. உயரத்திலேயே வைத்திருங்கள். இது சுலபமான பிறகு வாரம் ஒரு ஃப்ரெட்டாக முதல் ஃப்ரெட்டை நோக்கி இறங்கலாம்.

மேடையில் வாசிக்கும் பலர் கட்டைவிரலை நெக்கின் மேல் எட்டிப்பார்க்க விட்டிருக்கிறார்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ராக் கிடார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் ஆறாம் தந்தியைக் கட்டைவிரலாலேயே பிடிப்பார். தந்தியை வளைத்து இழுக்கும் வாசிப்பிலும் கட்டைவிரல் மேலே ஏறினால்தான் பிடி கிடைக்கும். அது தவறு இல்லை, வேண்டும்போது ஏற்றிக்கொள்ளும் ஒரு உத்தி. நெக்கைத் தாங்குவதற்காக ஏறினால் மட்டுமே தவறு. கிளாசிகல் கிடாரில் நெக்கின் அகலம் நட் (தலைப்பகுதி தொடங்கும் இடத்தில் தந்திகள் படியும் சிறு பட்டை) பக்கம் சுமார் 52 மி.மீ., ஸ்டீல் தந்தி கிடாரில் 43, 44 மி.மீ. அகன்ற நெக்கில் இந்த உத்தி பெரும்பாலும் எடுபடாது.

இப்போது சி கார்டுக்குத் திரும்புவோம். மோதிரவிரல் ஐந்தாம் தந்தியில் 3ஆம் ஃப்ரெட், நடுவிரல் நான்காம் தந்தியில் 2, ஆள்காட்டி இரண்டாம் தந்தியில் 1. மூன்றாம், முதல் தந்திகள் திறந்தவை, அவற்றில் விரல் வைக்க வேண்டாம். ஆறாவதை மீட்ட வேண்டாம். மொத்தமாக மீட்டாமல் ஐந்தாம் தந்தியிலிருந்து ஒவ்வொன்றாகத் தட்டிக் கேளுங்கள். மூன்றாவது செத்திருந்தால் நடுவிரல் சாய்ந்திருக்கிறது. முதலாவது செத்திருந்தால் ஆள்காட்டி. ஐந்தாவது இரைந்தால் மோதிரவிரல் கம்பியிலிருந்து பின்வாங்கியிருக்கிறது. திருத்த விரலோடு மல்லுக்கட்ட வேண்டாம். கட்டைவிரலை நெக்கின் பின்னால் அரை அங்குலம் கீழே இறக்குங்கள், மணிக்கட்டு சற்று முன்னே வரும், விரல்கள் தாமே எழுந்து நிற்கும். பெரும்பாலும் அங்கேயே முதல் தந்தி பேசிவிடும்.

எஃப் கார்டைப் போல ஒரே விரலால் எல்லாத் தந்தியையும் அழுத்தும் பேரே கார்டுகளை முதல் இரண்டு மூன்று மாதங்களுக்குத் தொடாதீர்கள். தொடும்போது ஆள்காட்டியைத் தட்டையாக வைக்காமல் கட்டைவிரல் பக்கம் லேசாக உருட்டி, எலும்பு ஓடும் ஓரத்தால் அழுத்துங்கள்.

வலது கை

முழங்கைக்குச் சற்றுக் கீழே உள்ள முன்கைப் பகுதி கிடாரின் மேல்விளிம்பில் படியட்டும். மணிக்கட்டு வரை முன்கையைப் பலகையில் ஒட்டிக்கொண்டால் கை அசையாது, பலகையின் அதிர்வும் அமுங்கும். கிடாரின் உடல் பெரிதாக இருந்து அதை எட்ட உங்கள் தோள் தூக்கிக்கொண்டால், கிடார்தான் உங்களுக்குப் பெரிது. ட்ரெட்நாட் என்ற பெரிய உடல் கொண்ட வகை சின்ன உடல்வாகுக்காரர்களுக்கு இந்தத் தொல்லையைத் தரும், உடல் சிறிய மாதிரியைத் தேடுங்கள்.

பிக்கை (தந்தியை மீட்டும் சிறு தகடு) பிடிக்க: ஆள்காட்டி விரலை மடக்கி, அதன் நுனிப் பகுதியின் பக்கவாட்டில் பிக்கை வைத்து, மேலே கட்டைவிரலை வையுங்கள். கூர்முனை கட்டைவிரலுக்குச் செங்குத்தாகத் தந்தியை நோக்கும். வெளியே 3 முதல் 5 மி.மீ. தெரிந்தால் போதும். அதிகம் நீட்டினால் தந்தியில் மாட்டி, பிக் சுழன்றுவிடும். கார்ட் மீட்ட 0.6 முதல் 0.75 மி.மீ. தடிமன் வசதி. பறந்துபோகாத அளவுக்குப் பிடித்தால் போதும். அப்படிப் பிடித்தால் சில நாள் அது கிடாரின் முகப்பில் உள்ள ஓட்டைக்குள் விழத்தான் செய்யும். கிடாரைக் கவிழ்த்து, உள்ளே பிக்கை ஓட்டைக்கு நேராக வரும்வரை ஆட்டி, சட்டென்று குலுக்கினால் வெளியே வந்துவிடும்.

மீட்டும் அசைவு கையில் ஒட்டிய தண்ணீரை உதறுவதைப் போன்றது: முன்கை கொஞ்சம் சுழலும், மணிக்கட்டு தளர்ந்திருக்கும், முழங்கை லேசாகத் துணை போகும். முழங்கையால் மட்டும் அடித்தால் மரம் வெட்டுவதுபோல் இருக்கும். பிக்கின் நுனி மட்டுமே தந்தியை உரசட்டும். ஓட்டைக்கு மேலோ, பிரிட்ஜ் (முகப்பில் தந்திகளின் முனை பொருந்தும் கட்டை) பக்கம் ஒரு விரற்கடை தள்ளியோ மீட்டுவது பொதுவான இடம். பிரிட்ஜை நெருங்க ஓசை கூர்மையாகும், நெக்கை நெருங்க மென்மையாகும்.

விரல்களால் மீட்டுபவர்கள் கட்டைவிரலுக்கு 6, 5, 4ஆம் தந்திகளையும், ஆள்காட்டிக்கு 3, நடுவிரலுக்கு 2, மோதிரவிரலுக்கு 1 என்றும் ஒதுக்கிவிடுங்கள். மேலிருந்து பார்த்தால் கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு முன்னால், நெக் பக்கம் தள்ளி இருக்க வேண்டும். உள்ளே இருந்தால் ஆள்காட்டியும் அதுவும் மோதிக்கொள்ளும். தந்தியை வெளிப்புறம் பிடுங்கி இழுக்காதீர்கள். விரல் உள்ளங்கையை நோக்கி மடங்கட்டும். சுண்டுவிரலைப் பலகையில் ஊன்றுவது பலருக்குப் பழக்கம். லேசாகத் தொட்டால் சரி, ஊன்றி அழுத்தினால் பக்கத்து மோதிரவிரல் விறைத்துப்போகும்.

வலி

தந்தியை அழுத்தும் விரல் நுனிகள் எரிவது இயல்பு. மூன்று நான்கு வாரத்தில் தோல் தடித்துப் பழகிவிடும். முதல் வாரங்களில் ஒரே மூச்சாக ஒரு மணி நேரம் உட்காராமல், 10, 15 நிமிடங்களாக நாளுக்கு இரண்டு மூன்று முறை வாசியுங்கள். கை ஈரமாக இருக்கும்போது, குளித்த உடனே, தொட வேண்டாம். ஊறிய தோல் உரிந்துவிடும்.

மணிக்கட்டு வலி, கட்டைவிரல் அடிமூட்டில் வலி, விரலில் மரமரப்பு, இவை இயல்பு அல்ல. உடனே நிறுத்துங்கள். பல்லைக் கடித்துத் தொடர்ந்தால் தோல் மாதிரி மூட்டு தடித்துப் பழகாது. ஓய்வுக்குப் பிறகும் தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

எல்லாம் சரியாக வைத்தும் அழுத்தவே முடியவில்லை என்றால் கிடாரைச் சந்தேகப்படுங்கள். 12ஆம் ஃப்ரெட் கம்பியின் உச்சிக்கும் ஆறாம் தந்தியின் அடிக்கும் இடைவெளியை ஸ்கேலால் அளந்து பாருங்கள். ஸ்டீல் தந்தி கிடாரில் 2.5 மி.மீ. அளவில் இருந்தால் நல்லது, 3 மி.மீ.க்கு மேல் போனால் கிடார் பழுது பார்ப்பவரிடம் கொடுத்து இறக்கிக்கொள்ளுங்கள். கிளாசிகல் கிடாரில் 4 மி.மீ. வரை சாதாரணம். ஸ்டீல் தந்தி கிடாரில் தந்தி மாற்றும்போது முதல் தந்தி 0.010 அல்லது 0.011 அங்குலம் உள்ள மெல்லிய செட் வாங்கினால் விரலுக்குப் பாதி நிம்மதி.

நின்று வாசிக்கும்போது

ஸ்ட்ராப் நீளத்தை உட்கார்ந்தபடியே சரிசெய்யுங்கள். கிடார் மடியில் சரியாக இருக்கும் நிலையில் ஸ்ட்ராப்பை இறுக்கி, பிறகு எழுந்தால் கிடார் அதே உயரத்தில் நிற்க வேண்டும். முழங்கால் வரை தொங்கவிடுவது படத்துக்கு அழகு, இடது மணிக்கட்டுக்குத் தண்டனை.

பல அகூஸ்டிக் கிடார்களில் வால்புறம் ஒரே ஒரு ஸ்ட்ராப் பொத்தான்தான் இருக்கும். மறுமுனையைக் கயிறால் தலைப்பகுதியில் கட்ட வேண்டும்: நட்டுக்கும் முதல் சாவிக்கும் நடுவே, தந்திகளுக்கு அடியில் கயிற்றை நுழைத்து முடிச்சிடுங்கள். தந்திக்கு மேல் போனால் சுருதி கலையும். மாட்டியதும் இரண்டு முனைகளையும் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுப் பிறகு கையை விடுங்கள்.